முன்சீப் வேதநாயகரை மறந்துவிட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நினைவு நாளையொட்டித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, தமிழின் முதல் நாவலை 1879இல் தந்தவர் என்பதோடு அவரை நிறுத்திக்கொண்டது. கோர்ட்டு ஊழியம் பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு அவர் முதலில் முன்சீப், அதாவது கீழ்க் கோர்ட்டு நீதிபதி; நாவல் பிறகுதான்.

திருச்சி ஜில்லா கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப்பாகிப் பின்னர் மாயூரத்துக்கு வந்தவர், 1805 முதல் 1861 வரையிலான சதர் அதாலத் என்னும் அன்றைய மேல் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று 1862இல் அச்சிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் ஏற்பட்டதும் அதே ஆண்டில்தான். சதர் அதாலத் சென்னை ராஜதானி முழுமைக்கும் மேல் கோர்ட்டாக இருந்ததால், அன்று சித்தூரைத் தலைநகராகக் கொண்டிருந்த நம் வட ஆற்காட்டு ஜில்லாவின் கட்சிக்காரரும், பாகப்பிரிவினையிலோ தத்து விவகாரத்திலோ முன்பு என்ன தீர்ப்பானது என்பதை வக்கீல் வாயைப் பார்த்திராமல் தாமே படித்துக்கொள்ள அந்நூல் வழிசெய்தது.

மாயூரம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தில், வட ஆற்காடு போன்ற வறண்ட ஜில்லாக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, அவர் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். அதைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீது கீர்த்தனையே பாடினார். நந்தன் சரித்திரம் பாடிய சிவபக்தர் ஒரு கத்தோலிக்க முன்சீப்பைப் பாடினார் என்பதையாவது கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

கீழ் நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழில் அமைய 1976இலேயே ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. ஆயினும் ஆங்கிலத் தீர்ப்புகள் குறையவில்லை. நான் வேலையில் இருந்த காலத்தில் வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், நகல் மனு போட்டு வாங்கிய தீர்ப்பை மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டி, “தாவா ஜெயமா, தள்ளுபடியா? அதை மட்டும் சொல்லுங்க சார்” என்று கேட்டார். தள்ளுபடிதான். ஏன் தள்ளுபடி என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. பதினெட்டுப் பக்கத்தில் அதுதான் எழுதியிருந்தது.

ஆங்கிலத்தில் தீர்ப்பு எழுதப்படும் வழக்குகளில், முடிவையும் அதற்கான காரணங்களையும் அப்பீல் கெடுவையும் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி நகலுடன் இணைத்துக் கொடுப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. அடுத்த நினைவு நாளில் தாங்கள் இதைப் பற்றி எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.