பழைய கன்சோல்னா திருட்டு கேம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீடியோ கேம் ஆடுற கன்சோல் மெஷின்ல சாப்ட்வேர் மாத்துற பசங்க எல்லாருமே திருட்டு கேம் ஆடுறவங்கன்னு போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, படிச்சதும் மனசுக்கு ரொம்ப சங்கடமா போச்சு. எங்க கீழக்கரையில வளைகுடாவுல இருந்து வந்தவங்க கொண்டு வந்த பிஎஸ்பி, அதான் சோனி கம்பெனியோட கையடக்க கேம் கன்சோல், பல வீட்டுல பீரோ மேல தூங்குது, என் மச்சான் கொண்டு வந்ததும் அப்படித்தான் கெடந்துச்சு, உப்புக்காத்துல பேட்டரி டெர்மினல்லாம் பச்சை பூத்துப் போய். அதை சுத்தம் பண்ணி கஸ்டம் ஃபர்ம்வேர், அதாவது கம்பெனி சாப்ட்வேருக்குப் பதிலா வெளியாளுங்க மாத்தி எழுதுன சாப்ட்வேர், போட்டதே என் தங்கச்சி மகன் தானா எழுதுன கேமை ஓட்டிப் பாக்கத்தான். வல்லத்துல போய் வலை வீசுறது, காத்து மாறுனா கரைக்குத் திரும்பணும், அம்புட்டுதான் கேம்.

முதல் மாடல் பிஎஸ்பில மெமரி வெறும் 32 எம்பி, ப்ராசசர் அதிகபட்சம் 333 மெகாஹெர்ட்ஸ், அதுக்குள்ள அடக்கணும்னா படத்தை சின்னதாக்கி, வேண்டாததை மெமரில இருந்து உடனே தூக்கின்னு ஒவ்வொண்ணா யோசிக்கணும், இந்தப் படிப்பு புது போன்ல கிடைக்காதுங்க. ஜப்பான்ல டைசுகே அமயா ஒத்த ஆளா அஞ்சு வருசம் உழைச்சு 2004ல இலவசமா விட்ட கேவ் ஸ்டோரிங்கிற கேமை ரசிகர்களே பிஎஸ்பிக்கும் கொண்டு வந்தாங்க.

காசு கொடுக்காம கம்பெனி கேமை இறக்குறது தப்புதான், அதுல எனக்கும் மாத்துக்கருத்து இல்ல. ஆனா சொந்தமா எழுதுற பிள்ளைகளை அதோட சேக்காதீங்க. உங்க மாணவர் பக்கத்துல இவங்களைப் பத்தி ஒரு தடவையாவது எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கீழக்கரை