எட்டாம் மாடிக்காரியின் நோட்டுகள்

அன்புள்ள பாப்பா,

மெல்பர்னில் குளிர் ஆரம்பித்திருக்கும். ஸ்வெட்டர் போடு. அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

நீ விட்டுப்போன எலெனா ஃபெரான்டே நாவல்களை அகராதியும் கையுமாகப் படிக்கிறேன். இரண்டு முடிந்தது. அது புனைபெயராமே! 1992இல் முதல் நாவல், அடுத்தது 2002இல்தான். அப்புறம் 2011இலிருந்து 2014க்குள் இந்த நான்கு பாகமும். பத்து வருஷம் ஒரு நாவலும் வெளியிடாமல் இருந்தவரே அப்படி எழுதியிருக்கிறார். சும்மா சொன்னேன். "ஏதாவது எழுதினாயா" என்று இனி கேட்கமாட்டேன்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைக் குடியிருப்பில் செருப்புத் தைப்பவர் மகள் லீலாதான் கெட்டிக்காரி. அவள் படிப்பை ஆரம்பப் பள்ளியோடு நிறுத்திவிடுகிறார்கள். படித்து எழுத்தாளரானது எலெனா (ஆசிரியர் பெயர்தான் கதை சொல்பவளுக்கும்). தன் முதல் நாவலின் உயிரே லீலா சின்ன வயதில் எழுதிய கதைதான் என்று அவளுக்குத் தெரியவரும்போது எனக்கே வயிற்றைப் பிசைந்தது. முதல் பாகத்துக்கு 'மை பிரில்லியன்ட் ஃப்ரெண்ட்' என்று பெயர். தலைப்பில் வருகிற அந்த அபாரமான தோழி லீலாதான் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். கல்யாணத்தன்று லீலா அந்த வார்த்தையை எலெனாவைப் பார்த்துச் சொல்கிறாள்! இவள் அவளைப் பார்த்துப் புழுங்க, அவள் இவளைப் பார்த்துப் புழுங்க.

எட்டாம் மாடியில் இருக்கும் உன் தோழியும் அப்படித்தான். உன் கதைக்குத் தங்கமுனை விருது கிடைத்தபோது அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா லிஃப்டில் சொன்னாள். அப்புறம் அவளேதான் உனக்குக் கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். இல்லையா?

இரண்டாம் பாகத் தொடக்கம் எனக்குப் பிடிக்கவேயில்லை. லீலா நம்பிக் கொடுத்த எட்டு நோட்டுகளை, படிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தவள் படித்துவிட்டு, பீசாவில் பாலத்திலிருந்து ஆர்னோ ஆற்றில் தள்ளிவிடுகிறாள். அப்பாவிடம் சொன்னால் "கதைதானே" என்கிறார். எட்டாம் மாடிக்காரியின் நோட்டுகள் உன் அலமாரியில்தான் இருக்கின்றன. தூசி தட்டுவதோடு சரி, திறக்கவில்லை. அவளும் திருப்பிக் கேட்கவில்லை. என்ன செய்வதென்று நீதான் சொல்லவேண்டும்.

தமிழ் முரசு பேப்பரில் அவள் படம் வந்ததைப் பார்த்திருப்பாய். பார்க்காமலா இருந்திருப்பாய். அன்றிலிருந்துதான் உன் போனும் குறைந்துவிட்டது. வேலை என்கிறாய், சரி. பெரியத்தையும் பாசிர் ரிஸ் அத்தையும் ஆரம்பத்தில் "வேலை" என்றுதான் சொன்னார்கள். அந்தப் பிடிவாதம் நம் வீட்டுக்கு இனி வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு. நீ எழுதுகிற மாதிரி அவளுக்கு வராது, நான் அம்மா என்பதால் சொல்லவில்லை. ஆனால் அவள் உட்கார்ந்து எழுதி முடித்தாள்.

சனிக்கிழமை அங் மோ கியோ நூலகத்தில் அவள் பேசுகிறாள். நானும் அப்பாவும் போகிறோம். உன்னைப் பற்றிக் கட்டாயம் கேட்பாள். நான் ஏதாவது சமாளித்துப் பேசி மாட்டிக்கொள்வதற்குள் ஒரு மெசேஜ் அனுப்பிவிடு. எனக்கில்லை, அவளுக்கு. அவள் நம்பர் மாறவில்லை.

அம்மா