ரோசினான்டேவுக்கு மொய் எழுதியவர்களுக்கு

எடிசன், நியூ ஜெர்சி
26 மே 2018

அன்புள்ள எக்ஸ்பான்ஸ் சொந்தங்களே,

ராத்திரி தூங்கவில்லை. கண் எரிகிறது. இருந்தாலும் இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் யோசித்து, திருத்தி, வேறு என்னவோ எழுதி வைப்பேன்.

சைஃபை சேனல் இரண்டு வாரத்துக்கு முன் கைவிட்ட நம் 'தி எக்ஸ்பான்ஸ்' விண்வெளித் தொடரை அமேசான் எடுத்துக்கொள்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் விண்வெளி மாநாட்டு மேடையில் அமேசான் முதலாளி ஜெஃப் பெசோஸ் ஏறி, தொடரில் வரும் விண்கப்பலான ரோசினான்டே பத்திரமாக இருக்கிறது என்று சொன்ன செய்தி எனக்கு வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. நம் ஆட்கள், அதாவது நடிகர்கள், அதே அரங்கில் உட்கார்ந்திருந்தார்களாம். அந்தக் கைத்தட்டல் வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஹெட்போன் கழன்றுபோய் சத்தம் வெளியே வந்ததில் ரூம்மேட் எழுந்து வந்து திட்டினான். அவன் பின்னாலேயே அவனுடைய அம்மாவும் வந்தார். இந்தக் கடிதம் பெரும்பாலும் அந்த அம்மாவைப் பற்றியதுதான். உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொடரைக் காப்பாற்றக் கேட்ட மனுவில் கையெழுத்துப் போட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களே, வேலை நேரத்தில் ஒளிந்து ஒளிந்து ட்வீட் போட்டவர்களே, விமானத்துக்குப் பணம் போட்டவர்களே, அந்தப் பணத்தைச் சேர்த்து, கணக்குப் பார்த்து, அமேசான் ஸ்டூடியோ தலைக்கு மேலே நாலு மணி நேரம் பேனரோடு சுற்றவிட்டவர்களே, எல்லோருக்கும் கும்பிடு. தன் வேலையை விட்டுவிட்டு நமக்காகக் குரல் கொடுத்த நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினுக்கும், நடிகர் வில் வீட்டனுக்கும் நன்றி. (மார்ட்டின் சார், உங்கள் அடுத்த புத்தகம் பற்றி இன்றைக்கு மட்டும் கேட்கமாட்டேன்.) சேனல் கைவிட்டதும் கடையைக் கட்டாமல் அடுத்த வாசலைத் தட்டிய, தொடரைத் தயாரிக்கும் ஆல்கான் நிறுவனத்துக்கும் நன்றி.

சரி, இனி அம்மா.

ரூம்மேட்டின் அம்மா காரைக்குடிப் பக்கத்து ஊர்க்காரர். விசிட்டர் விசாவில் ஆறு மாதம் மகனோடு இருக்க வந்திருக்கிறார். பகலெல்லாம் நாங்கள் இருவரும் ஆபீஸில். வெளியே போனால் வழி தெரியாது, டிவியில் வருவது புரியாது. ஏப்ரலில் மூன்றாவது சீசன் தொடங்குவதற்கு முன்னால் பழைய பாகங்களை நான் ஒரு சுற்று திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டே வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவர், அவசரலா திரையில் வந்ததும் கையை நிறுத்தினார்.

"யாரு தம்பி இந்தம்மா? சேலை கணக்கா உடுத்திருக்கு, நகையெல்லாம் கெட்டியா இருக்கு."

"ஐ.நா.வில் பெரிய பதவிம்மா. நம்ம நாட்டு வம்சாவளி. நடிக்கிறவங்க ஈரான்ல பொறந்தவங்க."

"இப்ப என்னமோ சொல்லுச்சே, என்னது?"

அவசரலா வாயைத் திறந்தால் கெட்டவார்த்தைதான் வரும் என்று உங்களுக்குத் தெரியும். "கோபமா இருக்காங்கம்மா" என்றேன். அன்றிலிருந்து அப்படியே மொழிபெயர்த்து வந்தேன். ஒரு கட்டத்தில் அவரே, "நீ சொல்றது அரை வரி, அந்தம்மா பேசுறது ரெண்டு வரி, நடுவுல முழுங்குற" என்று கண்டுபிடித்துவிட்டார்.

அப்புறம் புதன் இரவு ஒன்பது மணி என்றால் எங்கள் வீட்டில் சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடும். கப்பல் கேப்டன் ஹோல்டன் அவருக்கு "அந்த நல்ல புள்ள". மெக்கானிக் ஏமஸ் "வம்புக்காரன், ஆனா சோறு போட்டா நிப்பான்". கப்பலை ஓட்டும் அலெக்ஸ் கமல் வரும்போதெல்லாம் நான் பெருமையாகச் சொல்வேன்: செவ்வாயில் அவர் ஊர்ப் பக்கத்தில் நம் நாட்டுக்காரர்களும் சீனர்களும் டெக்சாஸ்காரர்களும் குடியேறினார்கள், அதனால்தான் பெயர் ஒரு மாதிரி, பேச்சு ஒரு மாதிரி. "அங்கேயும் போயாச்சா நம்மாளுக" என்பார், தன் மகனை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே.

மே 11, வெள்ளிக்கிழமை. அன்று என்ன நடந்தது என்பதை நான் திரும்ப எழுதத் தேவையில்லை. விளக்குப் போடாமல் படுத்திருந்தேன். அம்மா கதவோரம் நின்று, "ஊர்லேருந்து போன் எதுவும் வந்துச்சாப்பா?" என்று கேட்ட குரலில் பயம் இருந்தது. யாரோ போய்விட்டார்கள் என்றே நினைத்துவிட்டார். இல்லம்மா, நாடகத்தை நிறுத்திட்டாங்க என்றேன். "நாடகமா" என்று பெருமூச்சு விட்டுத் திரும்பிப் போனவர், கொஞ்ச நேரத்தில் மோர் டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். "ஏன் நிறுத்துனான்? நல்லாத்தானே போச்சு?"

உங்களுக்குத் தெரிந்த கணக்கை அவருக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. படம் எடுப்பது ஒருத்தர், ஒளிபரப்புவது ஒருத்தர். சைஃபை சேனல் வாங்கியிருந்தது அமெரிக்காவில் முதன்முறை ஒளிபரப்பும் உரிமையை மட்டும். அன்றைக்கு, அந்த நேரத்துக்கு, டிவி முன்னால் உட்கார்ந்து விளம்பரத்தோடு பார்ப்பவர்களால் மட்டுமே அவர்களுக்கு வருமானம். வெளிநாடுகளில் நெட்ஃபிளிக்ஸில் பார்ப்பவர்கள், இங்கேயே பின்னால் அமேசான் பிரைமில் பார்ப்பவர்கள் எத்தனை லட்சம் பேரானாலும் சேனலுக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. ஊரே பார்த்தாலும் கல்லா காலி.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"நீ பாத்ததுக்குக் காசு குடுத்தியா?"

இந்த சீசனுக்குக் கேபிள் போட்டேன், அது உண்மை. ஆனால் முதல் இரண்டு சீசன்? உங்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறேன்: டோரன்ட். நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு, வெளியே போனால் காபிக்கு ஐந்து டாலர் கொடுத்துக்கொண்டு, இரண்டு சீசனையும் திருட்டுத்தனமாக இறக்கிப் பார்த்தவன் நான். அவரோடு சேர்ந்து திரும்பப் பார்த்ததும் அதே கோப்புதான். பதில் சொல்லாமல் மோரைக் குடித்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. தன் ஊர்க் கதை ஒன்றைச் சொன்னார்.

அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது பங்குனித் திருவிழாவில் வள்ளி திருமண நாடகம். விடிய விடிய நடக்கும். அந்த வருஷ நாடகச் செலவு முழுவதும் சிங்கப்பூரில் கடை வைத்திருந்த ஒருவருடைய உபயம். பணம் வந்து சேரவில்லை. நாடகக்காரர்கள் வந்து இறங்கியாயிற்று. ஆர்மோனியக்காரர் பெட்டியைத் திறக்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். முன்பணம் வராமல் வேஷம் கட்டமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவின் அப்பா ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாராம், தலைக்கட்டுக்கு ஒரு மரக்கால் நெல் என்று. "முன்னாடி பாய் போட்டு உக்காந்தவன்கிட்டப் போகல. பின்னாடி, லைட்டு வெளிச்சம் படாம, வண்டி மறைவுல உக்காந்து வருஷா வருஷம் ஓசியில பாத்துட்டுப் போவான் பாரு, பக்கத்து ஊர்க்காரன், அவன்கிட்டத்தான் மொதல்ல போனாரு. அவன்தான் மொதல்ல குடுத்தான். வெக்கம்ல."

அன்று இரவே இரண்டு சீசன்களையும் முறையாகக் காசு கொடுத்து வாங்கினேன். திரும்பவும் பார்ப்பதற்காக அல்ல. வாங்கியாயிற்று என்று அவரிடம் போய்ச் சொல்வதற்காக.

மறுநாள் சனிக்கிழமை, விமானத்துக்குப் பணம் சேர்க்கிறார்கள் என்று பார்த்து நான் ஐம்பது டாலர் போட்டேன். சமையலறையில் இருந்த அவரிடம் காட்டினேன். ஏரோப்பிளேன் வாலில் துணி கட்டி விடுவதா என்று அவருக்கு ஒரே சிரிப்பு. "எங்கூர்ல ஆட்டோல மைக் கட்டுனாப் போதும்." சிரித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஊரிலிருந்து கொண்டுவந்த சுருக்குப்பையோடு வந்தார். அதற்குள் சாவி, ஒரு மஞ்சள்துண்டு, விபூதிப் பொட்டலம், அதற்கும் அடியில் எட்டாக மடித்த இருபது டாலர் நோட்டு. பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குப் போகும்போது உண்டியலில் போட மகன் கொடுத்தது. நோட்டில் மஞ்சள் அப்பியிருந்தது.

வேண்டாம்மா என்றேன். எத்தனையோ தடவை சொன்னேன்.

"நானும்தான பாத்தேன்" என்றார்.

அப்புறம் ஒரு நிபந்தனை. மொய் என்றால் நோட்டில் பெயர் ஏற வேண்டும். சும்மா பெயர் போதாது. வீட்டுக்காரர் பெயர், ஊர் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். என் கார்டில் இருபது டாலர் கட்டி, அந்தப் பக்கத்தில் பெயர் போடும் சின்னக் கட்டத்துக்குள் அவர் மறைந்த கணவரின் பெயர், தன் பெயர், ஊர்ப் பெயர் மூன்றையும் அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சினேன். எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தார். கலிபோர்னியா வானத்தில் பறந்த அந்தத் துணியில் ஒரு முழமாவது சிவகங்கை மாவட்டத்துக் காசு. அந்த மஞ்சள் நோட்டை நான் செலவு செய்யவில்லை. லேப்டாப் பையில் இருக்கிறது.

இத்தனை சொன்னதால், ரசிகர்கள் காசு சேர்த்தே ஒரு தொடரை எடுத்துவிடலாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். இந்த இரண்டு வாரமும் நமக்குள் அந்தப் பேச்சு நிறைய ஓடியது. மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000 என்ற பழைய டிவி நிகழ்ச்சிக்கு 2015-இல், மக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 48,270 பேர் சேர்ந்து 57 லட்சம் டாலருக்கு மேல் போட்டார்கள், புதுத் தொடரும் வந்தது. ஆனால் அது பொம்மைகளும் பழைய மட்டமான படங்களும் இருந்தால் நடக்கிற நிகழ்ச்சி. விண்கப்பல் கதைக்கு அந்தப் பணம் எந்த மூலைக்கு? 2005-இல் ஸ்டார் ட்ரெக் என்டர்பிரைஸ் நின்றபோது ரசிகர்கள் பணத்தோடு போய் நின்றார்கள், ஸ்டூடியோ வாங்கவே மறுத்துவிட்டது. ஆக்சனார் என்ற ஸ்டார் ட்ரெக் ரசிகர் படக்காரர்கள் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தாங்களே படம் எடுக்கப் போய், வழக்கில் மாட்டினார்கள். அந்த வம்பு நடந்துகொண்டிருக்கும்போதே 2016-இல் ஸ்டார் ட்ரெக் உரிமைக்காரர்களின் விதி வந்தது: ரசிகர் படம் என்றால் ஒரு பாகம் கால்மணி நேரம், 50,000 டாலருக்கு மேல் திரட்டக்கூடாது. உரிமை யார் கையில் இருக்கிறதோ அவர் மனம் வைக்காமல் நம் காசு செல்லாக்காசுதான்.

எனக்குப் பிடித்தது ஜெரிக்கோ என்ற தொடரின் ரசிகர்கள் செய்ததுதான். 2007-இல், தொடரை நிறுத்திய சிபிஎஸ் சேனலின் அலுவலகத்துக்கு ஏறக்குறைய இருபது டன் கடலையை அனுப்பி வைத்தார்கள். ஏழு பாகம் கூடுதலாகக் கிடைத்தது. கடலையை விற்று யாரும் தொடர் எடுக்கவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது, அவ்வளவுதான். நம் விமானமும் அந்த ரகம்.

கடைசியில் உபயம் ஏற்றவர் உலகத்திலேயே பெரிய பணக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் நெருடல் இருக்கிறது, மறைக்கமாட்டேன். தண்ணீரையும் காற்றையும் காசு கொடுத்து வாங்கி, முதுகு ஒடிய வேலை பார்க்கும் பெல்ட்டர்களின், அதாவது சிறுகோள் பட்டையில் வாழும் ஜனங்களின், கதை இது. அந்தக் கதையைக் காப்பாற்றியவருடைய கிடங்குகளில் வேலை பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? இதை நேற்று ராத்திரியே அம்மாவிடம் சொன்னேன். "மண்டகப்படி எடுத்தவன் எவனா இருந்தா என்ன, சாமி தெருவுக்கு வருதுல்ல" என்றார். எனக்கு அது முழுச் சமாதானம் இல்லை. ஆனாலும் நாலாவது சீசன் வரப்போகிறது என்கிற சந்தோஷத்தை அதனால் குறைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

இனிமேல் டோரன்ட் கிடையாது. இதை உங்கள் எல்லோர் முன்னாலும் எழுதி வைக்கிறேன். இந்தத் தொடர் மட்டுமில்லை, எதுவும்.

ஒரு வருத்தம்: அம்மாவுக்கு ஆகஸ்டில் திரும்பிப் போக டிக்கெட் போட்டாயிற்று. மூன்றாவது சீசன் ஜூனில் முடிந்துவிடும், அதுவரை புதன்கிழமைகள் எங்களுக்கு இருக்கின்றன. நாலாவதை அவர் இங்கே உட்கார்ந்து பார்க்கமாட்டார். போனில் கதை சொல் என்று சொல்லியிருக்கிறார், அந்தம்மா பேசுவதை முழுங்காமல்.

நேற்று ராத்திரிச் செய்தியைச் சொன்னதும், தூக்கக் கலக்கத்தில் அவர் முதலில் கேட்டது, "அப்ப என் இருபது டாலர் வீண் போகல" என்று. கொஞ்சம் தெளிந்ததும் அடுத்ததைப் போட்டார். எழுதின மொய்யைத் திருப்பி எழுத வேண்டுமல்லவா? வருகிற பங்குனியில் அவர் ஊரில் நாடகம். ஆர்மோனியக்காரர் செலவு என்னுடையதாம். சரி என்று சொல்லிவிட்டேன். நோட்டீஸில் போடுவதற்கு என் பெயரும் அப்பா பெயரும் ஊரும் கேட்டிருக்கிறார், எழுத்துப்பிழை இல்லாமல் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

நன்றியுடன்,
உங்களில் ஒருவன்