‘எல்லாமே பச்சை’ என்றாயே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் நடுவில் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீ டீம் லீட் ஆகிவிட்டதை உன் அப்பா தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டார். மீதிப் பேருக்கு நாளைக்குள் தெரிந்துவிடும்.

போன வாரம் பெருமையாக ஒன்று சொன்னாய். "என் டீமில் ஒரு பிரச்சினையும் இல்லைம்மா, வாரா வாரம் ரிப்போர்ட்டில் எல்லாமே பச்சை." கேட்டதிலிருந்து மனசுக்குள் ஒரு உறுத்தல்.

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு வார்டு அப்படித்தான் இருந்தது. அங்கே ஹெட் சிஸ்டர் இனிமையானவர். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் வாங்கி வைப்பார். ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டால் அவர் வாயில் வரும் முதல் கேள்வி, "யார் டியூட்டி?" பெயர் தெரிந்தால் போதும், மேலே சொல்லிவிடுவார். மெமோ வரும், அவர் கை கழுவிக்கொள்வார். கொஞ்ச நாளில் அந்த வார்டில் தப்பே நடக்காமல் போனது. அதாவது, நோட்டில். நைட் டியூட்டி பி.பி. சார்ட்டை எடுத்தால், விடியற்காலை நாலு மணிக்கு எல்லாப் படுக்கைக்கும் வரிசையாக 120/80. பக்கவாதம் வந்து படுத்திருப்பவருக்கும் 120/80, வாந்திபேதியில் துவண்டு கிடப்பவருக்கும் 120/80. யாரும் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஹெட் சிஸ்டர் அதில் தினமும் கையெழுத்துப் போட்டார். உன் பச்சை ரிப்போர்ட் என்றதும் எனக்கு அந்தச் சார்ட்தான் ஞாபகம் வந்தது.

பிறகு நான் மாறிப்போன வார்டில் இருந்த மேடம் சிரித்து நான் பார்த்ததே அபூர்வம். ஐந்து நிமிஷம் லேட்டாக வந்தால் எல்லோர் முன்னாலும் திட்டுவார். அந்தக் குணம் எனக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. ஆனாலும் அவரைத்தான் நல்ல தலைமை என்பேன்.

ஒருநாள் காலை, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பெண், ஒரே பெயரில் இருந்த இரண்டு நோயாளிகளில் ஆள் மாற்றி இன்சுலின் போட்டுவிட்டாள். சர்க்கரையே இல்லாதவருக்கு! நடுங்கிக்கொண்டே நேராக மேடத்திடம் போய்ச் சொன்னாள். அவர் கேட்டதெல்லாம், "எத்தனை யூனிட்? எத்தனை மணிக்கு?" உடனே குளூக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்தார், டாக்டரைக் கூப்பிட்டார், விடாமல் சுகர் பார்க்கச் சொல்லி ஒரு ஆளைப் பக்கத்திலேயே உட்கார வைத்தார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மதியம் சூப்பிரண்டெண்ட் வந்தபோது, "என் வார்டில் தப்பு நடந்துவிட்டது, ஒரே பெயர்க்காரர்களைப் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் போட்டிருந்தோம்" என்றார். அன்றே படுக்கையை மாற்றி, கேஸ் ஷீட்டில் கணவர் பெயரையும் சிவப்பு மையில் எழுத வைத்தார். அந்தப் பெண்ணுக்கு டோஸ் விழாமல் இல்லை. தனியாகக் கூப்பிட்டு நன்றாகவே விட்டார், ஆனால் எல்லாம் முடிந்தபிறகு.

இதே மேடம்தான், பார்க்காமலே சார்ட்டை நிரப்பிய இன்னொருத்திக்குத் தானே மெமோ எழுதிக் கொடுத்தார். தப்பு செய்துவிட்டு வந்து சொல்கிறவள் வேறு, மறைக்கிறவள் வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கிற மேலதிகாரியிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ரிட்டயர் ஆகும் சமயம் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டது. அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர், நன்றாக நடத்தப்படும் நர்ஸ் குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று நினைத்துக் கணக்கெடுத்தாராம். வந்ததோ தலைகீழ். நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தப்பு செய்யவில்லை, பயமில்லாமல் சொன்னார்கள், அவ்வளவுதான். 1996-ல் அதை வெளியிட்டார். வகுப்பில் பாதிப் பேர் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியமே இல்லை.

கலாம் ஐயா கதை உனக்கு மனப்பாடம். 1979 ஆகஸ்ட் 10-ல் அவர் பொறுப்பில் இருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தபோது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தானே பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்தார், 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோள் மேலே போனபோது கலாமைப் பேசச் சொன்னார் என்று பள்ளிக்கூட விழாவில் எல்லாம் சொல்வார்கள். பெருந்தன்மை என்று கைதட்டிவிட்டுப் போய்விடுவோம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. கம்ப்யூட்டர் நிறுத்தச் சொல்லியும், நிபுணர்கள் சொன்னதைக் கேட்டு ஏவ முடிவெடுத்தது தான்தான் என்று கலாமே பின்னாளில் மேடையில் சொன்னார். தலைவர் வெளியில் அடி வாங்கிக்கொண்டதால், உள்ளே இருந்தவர்களுக்கு எங்கே கசிந்தது, எங்கே கெட்டது என்று தேடத் தெம்பு இருந்தது. ஒரு வருஷத்துக்குள் அடுத்த ராக்கெட் மேலே போனது வெறும் பெருந்தன்மையால் இல்லை.

உன் முதல் கம்பெனி மேனேஜரை நினைத்துப் பார். உன் வேலையைத் தன் பெயரில் காட்டினார் என்று ராத்திரி பத்து மணிக்கு அழுதாயே. அவரிடம் கெட்ட செய்தியைக் கடைசி நாள் வரை சொல்லாமல் வைத்திருந்ததாகவும் நீதான் சொன்னாய். நீ அவரைப் போல் இல்லை, தெரியும். ஆனால் உன் டீம் பிள்ளைகளுக்கு அது தெரியுமா? நீ கெட்டிக்காரி, சட்டென்று முகம் மாறிவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உனக்குக் கீழே இருக்கிறவர்கள் உன் பேச்சுக்கு முன்னால் உன் முகத்தைத்தான் படிப்பார்கள்.

மூன்று வாரமாக மீட்டிங்கில் வாயே திறக்காத ஒரு பையனைப் பற்றிச் சொன்னாய் அல்லவா, அவனை ஒருநாள் டீ குடிக்கக் கூட்டிப் போ. "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். "இதில் எந்த இடம் நேரத்துக்கு முடியாது என்று உனக்குத் தோன்றுகிறது?" என்று கேள். சொன்னால் நடுவில் புகுந்து பேசாதே. அதோடு விட்டுவிடாமல், அவன் சொன்னதில் ஒன்றையாவது அந்த வாரமே சரி செய். அடுத்த ரிப்போர்ட்டில் ஒன்றிரண்டு சிவப்பு வந்தால் மேலே போய் நீ பதில் சொல், அவனை அனுப்பாதே.

மாவடு போட்டிருக்கிறேன், இந்த வாரம் பஸ்ஸில் பார்சல் அனுப்புகிறேன். அந்தப் பையன் என்ன சொன்னான் என்று ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல்லு.

அன்புடன்,
அம்மா