திரும்பி நடக்கும் நண்பர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்து, மாடிப்படி ஏற முடிகிறது என்று படித்ததும் மனம் லேசானது. மகளுக்கு வேலை உறுதியான செய்தியும் மகிழ்ச்சி. அவளுக்கு என் வாழ்த்துகளைச் சொல். ஆனால் கடைசிப் பத்தி என்னை விடவில்லை. மகள் வாங்கித் தந்த கேமரா பெட்டியிலேயே கிடக்கிறது, புது ஊரில் பேச ஆளில்லை, இந்த வயதுக்குமேல் யார் நமக்கு நண்பராகப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டு கவலைக்கும் ஒரே பதில்தான் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம் நீள்கிறது.

பறவைகளைப் படமெடுக்கப் போன இடத்தில்தான் எனக்கு நண்பர்கள் கிடைத்தார்கள். அதுவும் ஐம்பதைத் தாண்டிய பிறகு.

பறவைப் படம் என்றதும் ஒற்றை ஆள் செய்கிற வேலையாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். வேலையின் இயல்பு அப்படியில்லை. 'ஹைடு' என்று சொல்கிற மறைவுக் கூடாரத்தை எடுத்துக்கொள். மனிதன் உள்ளே நுழைவதைப் பார்த்துவிட்ட பறவை லேசில் அந்தப் பக்கம் வராது. அதற்குப் படக்காரர்கள் கண்ட வழி இது: இரண்டு பேராகப் போக வேண்டும், ஒருவர் உள்ளே இருந்துவிட மற்றவர் நன்றாகக் கண்ணில் படும்படி திரும்பி நடந்து போய்விட வேண்டும். ஆள் போனதைப் பார்த்த பறவை பெரும்பாலும் அச்சம் நீங்கித் தன் வேலைக்குத் திரும்பிவிடும். உள்ளே இருப்பவருக்குப் படம் கிடைக்கும். நடந்து போனவருக்கு ஒன்றும் கிடைக்காது. எங்கள் குழுவில் ஒரு கணக்கு ஆசிரியர் இருக்கிறார், பணி ஓய்வு பெற்றவர். பழக்கமான புதிதிலேயே, நான் கேட்காமலே, "நீங்கள் உள்ளே இருங்கள், நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டு வரப்பு வழியே நடந்து போனார். அவர் என் நண்பரானது அப்போதுதான்.

இந்தக் கலையின் முன்னோடிகளிலேயே கூட்டாக உழைத்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற சகோதரர்கள் 1892-இல் முட்டைகளோடு இருந்த ஒரு கூட்டை அதன் இடத்திலேயே படமெடுத்தார்கள். ஒருவர் எழுதுபவர், மற்றவர் படமெடுப்பவர். பிற்பாடு, உள்ளே ஆள் நிற்கக்கூடிய ஒரு பொய் மாட்டையே செய்து வயலில் நிறுத்திப் பறவைகளை நெருங்கினார்கள். அந்த மாட்டைச் சுமந்துபோய் நிறுத்தவும் இன்னொருவர் துணை வேண்டியிருந்திருக்கும் அல்லவா?

அந்த ஆசிரியரிடம் நான் கற்றவற்றை எழுதினால் கடிதம் முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆகவே காற்றும் வெயிலும் உன் முதுகில் படும்படி நின்றால், பறவை உன்னை நோக்கி வரும், முகத்தில் வெளிச்சமும் விழும். நான் லென்ஸை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் என் தோளைப் பிடித்து நிற்கும் திசையை மாற்றிவிட்டார். என் படங்களில் வால்கள் குறைந்து முகங்கள் வரத் தொடங்கின.

இன்னொருவர் செவிலியராக வேலை பார்க்கும் பெண்மணி. இரவுப் பணி முடித்து நேரே நீர்க்கரைக்கு வந்துவிடுவார். உள்ளான்கள் விஷயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. சேற்றோரம் மேய்கிற அந்தச் சாம்பல் பழுப்புக் கூட்டம் எனக்கு முன்பெல்லாம் ஒரே பறவையாகத்தான் தெரிந்தது. அவர் ஒவ்வொன்றையும் அலகின் நீளம், காலின் நிறம், இரை தேடும் விதம் என்று பிரித்துக் காட்டுவார். குளிர்காலத்தில் ஒருநாள் ஒரு பறவையின் காலில் சிறு பிளாஸ்டிக் கொடி இருப்பதை அவர்தான் கண்டார். வலசைப் பறவைகளை ஆய்வாளர்கள் பிடித்து இப்படி அடையாளமிட்டு விடுவார்கள். கொடியின் நிறம் எந்தப் பகுதியில் கட்டப்பட்டது என்பதைச் சொல்லும். அதன்மேல் உள்ள எழுத்து எந்தப் பறவை என்பதைச் சொல்லும். ஆனால் அந்தப் பறவையோ ஒற்றைக் காலில் நின்று, கொடியுள்ள காலை வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டது. நாங்கள் மூவரும் சேற்றில் குப்புறப் படுத்துக் காத்திருந்தோம். ஒருமுறை இறக்கையை நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டு நாலடி நடந்தது, அவ்வளவுதான். பிறகு மூன்று கேமராத் திரைகளையும் அருகருகே வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். என் படத்தில் முதல் எழுத்து தெரிந்தது. எங்களோடு வரும் மருந்துக்கடை இளைஞனின் படத்தில் நடு எழுத்து. செவிலியரின் படத்தில் கடைசி எழுத்தும் கொடியின் நிறமும். மூன்றையும் சேர்த்துத்தான் ஒரு பெயராயிற்று. அந்தச் சேற்று உடையோடு நாங்கள் கத்திய கத்தலை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

திரும்பி வரும் வழியில் செவிலியர் பட்டைவால் மூக்கன் என்ற வலசைப் பறவையைப் பற்றிச் சொன்னார். 2022-இல் அந்த இனத்தின் ஓர் இளம் பறவை அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு சுமார் 13,560 கிலோமீட்டர், எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்தது, செயற்கைக்கோள் கருவி மூலம் பதிவாகியிருக்கிறது. பிறந்து சில மாதமே ஆன குஞ்சு! அதைக் கேட்டபிறகு சேற்றில் இரை தேடும் எந்தப் பறவையையும் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

எல்லோரோடும் நான் ஒட்டிக்கொள்வதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் மொத்தமாகப் பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். வலசைக்காகச் சேர்த்த கொழுப்பை அந்தப் பறவைகள் ஒவ்வொரு வீண் பறத்தலிலும் இழக்கின்றன. கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்துவிட்டுப் படமெடுப்பவர்களும் உண்டு. தாய் எழுந்துபோன நேரத்தில் முட்டை வெயிலில் வெந்துவிடும், அல்லது காகத்தின் கண்ணில் படும். அவர்கள் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு ஒப்பவில்லை. மருந்துக்கடை இளைஞன் வயதில் எங்களுக்கெல்லாம் சிறியவன். ஒரு முறை ஆள்காட்டிக் குருவி எங்கள் தலைக்குமேல் அலறிச் சுற்றியதும், கேமராவைத் தாழ்த்தி, "அண்ணா, பக்கத்தில் குஞ்சு இருக்கிறது, காலைப் பார்த்து வைத்துப் பின்னால் வாருங்கள்" என்றான். அருமையான வெளிச்சம், எட்டும் தூரம். ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஒரு மனிதனைப் புரிந்துகொள்ள ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும் என்பார்கள். பறவைக் கூட்டின் அருகே ஒரு காலைப்பொழுது போதும் என்று தோன்றுகிறது. ஆந்தைக் கூட்டின் இடத்தை என்னிடம்கூடச் சொல்ல மறுத்தவன் அவன். அதற்காகவே அவனை எனக்கு இன்னும் பிடிக்கும்.

நீ பேச்சுக்கு ஏங்குகிறாய் என்று தெரியும். முதலில் பேச்சு அதிகம் இருக்காது. பக்கத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் யாரும் வாய் திறக்காமல் இருப்போம். எனக்கு அது வசதியாக இருந்தது. ஊர், வேலை, குடும்பம் என்று விசாரணை ஏதும் இல்லாமல் "அந்த முக்குளிப்பான் எங்கே எழும்பும் என்று நினைக்கிறீர்கள்?" என்பதிலிருந்து பழக்கம் தொடங்குகிறது. குடும்பக் கதைகள் தாமாகவே பிறகு வரும். ஆசிரியரின் மனைவி காலமானதை, அருகருகே மீன்கொத்திக்குக் காத்திருந்தபோதுதான் அவர் சொன்னார். கண்ணை நீரிலிருந்து எடுக்காமலே சொன்னார். அதனால்தான் சொல்ல முடிந்தது போலும்.

ஆகவே கேமராவை வெளியே எடு. பெரிய லென்ஸ் இல்லையே என்று தயங்காதே. மனித நடமாட்டத்துக்குப் பழகிய கொக்கும் நாமக்கோழியும் பக்கத்தில் வரும். உட்கார்ந்திருப்பதை எடுக்கும்போது கண்ணில் ஃபோகஸ் வை. பறப்பதற்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடியோ அதைவிட வேகமாகவோ இருக்கும்படி பார்த்துக்கொள். பறவையின் கண்மட்டத்துக்கு உன் லென்ஸ் இறங்கினால் படமே மாறிவிடும், ஆனால் முழங்கால் நன்றாக ஆறும்வரை தரையில் படுக்க வேண்டாம். சிறு முக்காலி போதும். விடிகாலையில் நீர் இருக்கும் இடத்துக்குப் போ. இரண்டு மூன்று நாள் தினமும் ஒரே நேரத்துக்குப் போனால், அங்கே தினமும் வருகிற ஒருவர் கண்ணில் படுவார். பறவையின் பெயர் தெரியாவிட்டால் அவரிடமே கேள். பறவை பார்ப்பவர்கள் கேட்டால் சலிக்க மாட்டார்கள். பார்த்த பறவைகளைப் பட்டியலிட உதவும், கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் ஈபேர்டு செயலியையும் போட்டுக்கொள். சேர்ந்து போனவர்கள் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்ள முடியும். அவருடைய பட்டியலில் உன் பெயரும் சேர்ந்துவிட்டால் பாதிப் பழக்கம் ஆனது போலத்தான்.

கேமரா எந்த நிறுவனத்துடையது, லென்ஸ் எது என்று அடுத்த கடிதத்தில் எழுது. லென்ஸ் மாட்டும் வாயான மவுண்ட் பொருந்தினால் என் பழைய 400 மில்லிமீட்டர் லென்ஸை அனுப்பி வைக்கிறேன். இப்போது அது சும்மாதான் இருக்கிறது. விடுமுறையில் நானே வருவதாகவும் எண்ணம். வந்தால் முதல் நாள் நீ கூடாரத்துக்குள் இரு, நான் திரும்பி நடக்கிறேன். மறுநாள் என் முறை.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்