இரண்டு தலையணை உயரம்

மதுரை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மா குளியலறையில் விழுந்ததைப் படித்ததும் அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. எலும்பு முறியவில்லை என்று எழுதியிருந்தாய், அந்த மட்டில் நிம்மதி. ஆனால் எழ முடியாமல் முக்கால் மணி நேரம் ஈரத்தரையிலேயே கிடந்தார் என்ற வரி மனதை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், நீயும் கேட்டிருந்தாய். ஆமாம், ஜவுளிக்கடைக் கணக்கு வேலையை 2022-இல் விட்டுவிட்டேன். இப்போது பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு.

நீ என்னைக் கடைசியாகப் பார்த்தது உன் தம்பி கல்யாணத்தில். அப்போது நான் 84 கிலோ. மூன்று மாத சராசரி சர்க்கரை 6.2, அது 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதைவிட என்னை உலுக்கியது ஒரு கேஸ் சிலிண்டர். வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இவர் ஊரில் இல்லை. நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். நிலைப்படியைத் தாண்ட வைக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஹாஸ்டல் மூன்றாவது மாடிக்கு உன் டிரங்குப் பெட்டியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஏறினவள் நான், ஞாபகம் இருக்கிறதா?

முதலில் செய்ததெல்லாம் தப்பு. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ இறங்கியது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, மாடிப்படி ஏறினால் கண் இருட்டியது. முதலில் சேர்ந்த ஜிம்மில் எடையும் பவுடர் டப்பாவும் தவிர வேறு பேச்சில்லை. ஒரே மாதத்தில் நின்றுவிட்டேன்.

அடுத்துப் போனது ஒரு சந்துக்குள் இருந்த சின்னக் கூடம். அங்கே மாஸ்டர் வயதானவர். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று வளர்ந்த மனிதர். எடை பார்க்கும் மெஷினே வைத்திருக்கவில்லை. ஒரு நாற்காலியைக் காட்டி, "உட்காருங்கம்மா, கையை ஊன்றாம எழுந்திருங்க" என்றார். நான்கு தடவைக்கு மேல் என்னால் முடியவில்லை. எனக்கு அப்போது 41 வயதுதான்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. முப்பது வயதுக்கு மேல் தசை தானாகவே கரைய ஆரம்பிக்கிறது, பத்து வருஷத்துக்கு மூன்றிலிருந்து எட்டு சதவீதம் வரை. அறுபதைத் தாண்டினால் இன்னும் வேகம். நடப்பது நல்லதுதான். தெப்பக்குளத்தைக் காலையில் நான்கு சுற்று சுற்றுவதை நான் இன்றைக்கும் விடவில்லை. தண்ணீர் நிற்கிற நாட்களில் மைய மண்டபத்தின் நிழல் அதில் விழுவதைப் பார்த்தபடி நடப்பது தனி சுகம். ஆனால் நடை மட்டும் தசையை மீட்டுத் தராது, பாரம் தூக்கியாக வேண்டும். வாரத்துக்கு 150 நிமிஷம் நடை போன்ற பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சி என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நம் பெண்களிடம் எல்லோரும் முதல் பாதியை மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் தீராத கோபம் உண்டு.

நாற்காலியிலிருந்து 15 கிலோ கம்பிக்கு வர ஐந்து மாதம் ஆனது. ஒரு குடம் தண்ணீரின் எடைதான் அது. சோற்றை நான் விடவில்லை, அளவைக் கொஞ்சம் குறைத்தேன். காலை இட்லியோடு இரண்டு முட்டை, சாயங்காலம் சுண்டல் சேர்ந்தது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு இட்லியில் இரண்டு கிராம் இருந்தாலே அதிகம். நடுவில் ஏழு மாதம் எடை 74-ஐ விட்டு இறங்கவே இல்லை. ஆனால் அதே ஏழு மாதத்தில் ரவிக்கைகளை மூன்று தடவை பிடிக்கக் கொடுத்தேன். இப்போது 66 கிலோ, சர்க்கரை 5.5. சிலிண்டரை நானே உள்ளே கொண்டுபோய் வைக்கிறேன்.

தெருவில் நான்கு பேர் கேட்டார்கள் என்று மொட்டை மாடியில் ஆரம்பித்ததுதான் வகுப்பு. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் ஐந்து கிலோ அரிசிப் பையும்தான் சாமான். அதில் ஒரு அம்மா, 67 வயது, ஓய்வுபெற்ற டீச்சர். எடை குறைய வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. "பேரனுக்குச் சோறு ஊட்டும்போது அவனோடு தரையில உட்காரணும், யார் கையையும் பிடிக்காம எழணும்" என்றார். நாற்காலியில் இரண்டு தலையணை வைத்து, அந்த உயரத்திலிருந்து எழச் சொன்னேன். ஆறு வாரம் கழித்து ஒரு தலையணையை எடுத்தேன். பிறகு வெறும் நாற்காலி, பிறகு முக்காலி. முக்காலியில் இரண்டு மாதம் நின்றுபோனது. எழும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாயும். "கால் சுண்டுவிரலையும் தரையில் அழுத்துங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எட்டாவது மாதம் மணைப் பலகை. முன்னால் குனிந்தார், இரண்டு கையையும் நீட்டினார், ஒரு நொடி நடுங்கினார், எழுந்துவிட்டார். மற்ற மூன்று பேரும் கைதட்டினார்கள். அவர் திரும்ப உட்கார்ந்து இன்னொரு தடவை எழுந்து காட்டினார். அன்றைக்கு ராத்திரிதான் இவரிடம் வேலையை விடப்போகிறேன் என்று சொன்னேன். இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மாசம் எவ்வளவு வரும்?" என்று மட்டும் கேட்டார். முதல் வருஷம் கடைச் சம்பளத்தில் பாதிதான் வந்தது. இப்போது அதைத் தாண்டிவிட்டது.

பிறர் உடம்பைத் தொடும் வேலை, முறையாகப் படிக்காமல் செய்யக் கூடாது என்று பட்டது. பயிற்சியாளர் தேர்வு எழுதினேன், 150 கேள்வி, மூன்று மணி நேரம். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் கற்றேன். நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம். பொம்மை மேல் இரண்டு நிமிஷம் அழுத்துவதற்குள் வியர்த்துவிட்டது.

சரி, அம்மாவுக்கு வருகிறேன். முதலில் டாக்டரிடம் காட்டி, பயிற்சி செய்யலாமா என்று கேட்டுவிடு, இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றியும் கேள். அவர் சரி என்றால், கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. இரண்டு தலையணை வை. பாதம் தரையில் வழுக்கக் கூடாது, சாக்ஸ் வேண்டாம். பக்கத்திலேயே நில், ஆனால் கையைப் பிடித்துத் தூக்காதே. காலையில் ஐந்து, சாயங்காலம் ஐந்து, போதும். மூச்சை அடக்காமல், எழும்போது வெளியே விடச் சொல். முட்டியில் குத்துகிற வலி வந்தால் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய். லீவு கிடைத்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வா, ஒரு வாரம் என்னோடு இருக்கட்டும்.

முதல் நாள் அம்மா எத்தனை தடவை எழுந்தார் என்று எழுது. ஒன்றே ஒன்று என்றாலும் எழுது.

அன்புடன்,
உமா