உங்கள் தீர்ப்புக்கு நீங்களே பொருள் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய தொழிலாளர் நீதிமன்ற நீதிபதிகள் அவர்களுக்கு,

வணக்கம். குலசேகரம் பக்கத்துத் தனியார் ரப்பர் தோட்டமொன்றில் பால்வெட்டும் தொழிலாளர்கள் சார்பில் எழுதுகிறேன். வேலைநீக்கம் செல்லாது, பணித்தொடர்ச்சியோடும் இதர பலன்களோடும் திரும்ப வேலை கொடுக்க வேண்டும் என்று எங்கள் அண்ணன் ஒருவருக்குத் தீர்ப்பு வந்த கதை உங்களுக்குத் தெரியும். தோட்டமும் வேலை கொடுத்தது, புது ஆள் சம்பளத்தில். ஊதிய உயர்வெல்லாம் ‘இதர பலன்’களில் சேராதாம்.

விடியுமுன் அண்ணன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு 300 மூடு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். அப்புறம் சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் ஊற்றி எடைக்குச் சுமக்கிறார். பக்கத்து நிரையில் வெட்டும் பையனுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே இவர்தான். இன்று அவனுக்குச் சம்பளம் கூடுதல். அண்ணன் முகத்தைப் பார்க்கக் கூசி, சம்பள நாளில் அவன் முதல் ஆளாய் வாங்கிக்கொண்டு நழுவிவிடுகிறான்.

நிலுவையைக் கணக்கிடச் சொல்லி, தொழில் தகராறுகள் சட்டத்தின் 33சி(2) பிரிவில் மனு போட்டோம். தீர்ப்பின் பொருளில் சந்தேகமென்றால் அரசிடம் போங்கள், 36ஏ பிரிவில் அரசு அந்தக் கேள்வியை எங்களுக்கு அனுப்பினால் பார்க்கலாம் என்று மனு திரும்பி வந்தது. எங்கள் வழக்கு அந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்தது. அதில் 36ஏ இருப்பது உண்மைதான். ஆனால் தொகையைக் கணக்கிடத் தேவையென்றால், தீர்ப்புக்குத் தொழிலாளர் நீதிமன்றமே பொருள் காணலாம் என்று சென்ட்ரல் பேங்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1963-லேயே சொல்லிவிட்டதே! புது உரிமை எதையும் நாங்கள் கேட்கவில்லை. கொடுத்த தீர்ப்புக்குப் பொருள் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

தோட்டத்து வக்கீலுக்கு உங்கள் வரியின் பொருள் ஒரே நாளில் புரிந்துவிட்டது. எழுதிய உங்களுக்குத்தான் அரசு அனுப்ப வேண்டியிருக்கிறது. 33சி(2) மனுவை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதை வக்கீல்களே சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். வேலை போனால் பஸ் ஏறி நெல்லைக்கு அலைய வேண்டும், ஜெயித்தால் அதன் பொருளுக்குச் சென்னைக்கு அலைய வேண்டும். தோற்றவனே பரவாயில்லை, ஒரே பஸ்ஸோடு போயிற்று.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மனுவைத் தயவுசெய்து மறுபடி எடுத்து, உங்கள் தீர்ப்புக்கு நீங்களே பொருள் சொல்லுங்கள். இனி எழுதும் தீர்ப்புகளில் ஊதிய உயர்வு, விடுப்பு, பணிக்கொடை இவற்றில் எது சேரும், எது சேராது என்று ஒரு வரி கூடுதலாக எழுதிவிடுங்கள்.

பணிவுடன்,
ஒரு பால்வெட்டுத் தொழிலாளி,
கன்னியாகுமரி மாவட்டம்